இரண்டு கட்டை இறக்கிய பாட்டு

டிராக்கை மாற்றச் சொன்னது நீங்கள்தான், செயலாளர் அவர்களே. மெஷின் கோளாறு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். பென்டிரைவில் வைரஸ் என்று ஒருவரிடம் சொன்னீர்கள். பதற்றத்தில் அந்தம்மாவே தப்பான டிராக்கைக் கொடுத்துவிட்டார் என்று இன்னொருவரிடம் சொன்னீர்கள். மூன்றும் பொய். நான் சவுண்ட் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஜெராக்ஸ் கடை அக்கா தன் வாழ்நாளில் மேடையில் பாட நினைத்தது ஒரே ஒரு பாட்டு. அதை அவர் பாட முடியாமல் போனது உங்களால்.

உங்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. காரைக்காலில் நம் கரோக்கி மன்றத்துக்கு ஒரு செயலாளர்தான், எல்லாருக்கும் தெரியும். அக்காவின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவர் விரும்பமாட்டார். கடை போர்டில்கூட ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று மட்டும்தான் போட்டிருந்தார். படிக்கிறவர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. அதைச் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

நான் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். பன்னிரண்டாவது வரை படித்தேன். நயமாக எழுத வராது. ஏழு வருடத்துக்கு முன்னால் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு மனு கொடுக்க, ரேஷன் கார்டு நகல் எடுக்க அந்தக் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு ஆள் நிற்கிற அகலத்தில் கவுண்டர், உள்ளே நீளமாக ஒரு அறை. போகும்போதே போனில் ஐஸ் வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டு போனேன். நகல் எடுத்து முடித்த பிறகும் நான் திட்டி முடிக்கவில்லை. கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, நகலைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நான் பேசுவதைக் கேட்டபடி இருந்தார். ஒட்டுக்கேட்கிற பெண்களை எனக்குப் பிடிக்காது. என்ன என்று கேட்டேன்.

"நீங்க பாடுவீங்களா?" என்றார்.

"நானா? என் தொண்டையைத்தான் இவ்ளோ நேரம் கேட்டீங்களே."

"கேட்டுட்டுதான் கேக்குறேன். அந்த ஆளை அவ்ளோ நேரம் திட்டுனீங்க. ஒரே உசரத்துல நின்னு திட்டுனீங்க. கொஞ்சம்கூட ஏறல, இறங்கல. எல்லாருக்கும் அது வராதுங்க."

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வரச்சொன்னார். எனக்கு ஒரு பாட்டு எடுத்து வைப்பதாகச் சொன்னார். துணியைத் தைத்து வைக்கிறேன் என்று தையல்காரி சொல்வதுபோல இருந்தது அவர் சொன்ன விதம். என்னை வைத்து வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தேன். அப்படி இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் சனிக்கிழமை போனேன்.

உள்ளே லேமினேஷன் மெஷினுக்குப் பின்னால் ஐந்தாறு பெண்கள் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சின்ன ஸ்பீக்கர், கைக்குட்டை சுற்றிய ஒரு மைக். அந்த நேரத்தில் மார்க்கெட் முடிந்திருக்கும், அலுவலகங்கள் மூடியிருக்கும், நகல் எடுக்க ஆள் வராது, வீட்டில் ஆண்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள். பெண்களுக்கு யாரும் கேள்வி கேட்காத இரண்டு மணி நேரம் வாரத்தில் அது ஒன்றுதான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார் அக்கா.

எனக்கு எடுத்து வைத்திருந்தது ஒரு ஆண் பாடிய பழைய பாட்டு. அப்பா ஒருவர் மகளைத் தூங்கவைக்கிற பாட்டு. ஆம்பளை பாட்டை நான் எதற்குப் பாடவேண்டும் என்று சண்டைக்குப் போனேன்.

"பாட்டுக்கு மீசை இருக்கா?" என்றார் அக்கா. மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு விளக்கினார். நம் சினிமாவில் பெண்ணுக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் உத்தரத்துக்கு மேலே போடுகிறார்கள். சாதாரணப் பெண்ணின் குரல் அங்கே போகாது. போகவில்லை என்றதும் தனக்குப் பாட வராது என்று அவள் முடிவுகட்டிவிடுகிறாள். அவளுக்குக் குரல் இல்லாமல் இல்லை. பாட்டு அவள் உயரத்தில் இல்லை. அவ்வளவுதான். அதனால் டிராக்கை, அதாவது குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் ஓடுகிற பாட்டை, கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று கீழே இறக்கிக்கொடுப்பார். கட்டை என்றால் பாட்டு நிற்கிற உயரம். அதுவரை எனக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் எதுவும் தெரியாது, விறகுதான் தெரியும்.

முதல் ஒரு மாதம் யாரும் யாரையும் பார்த்துப் பாடக்கூடாது. சுவரோரம் இருந்த அலமாரியைப் பார்த்துத்தான் பாடவேண்டும். ஏ4 பேப்பர் கட்டுகளுக்கு முன்னால் நின்று நான் அந்தத் தாலாட்டைப் பாடினேன். லாரி ஏதாவது ஹாரன் அடித்துக்கொண்டு போனால் டிராக்கை நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து போடுவார். நான் பாடி முடித்ததும் ஒருத்தியும் கை தட்டவில்லை. கை தட்டக்கூடாது என்பதும் அங்கே சட்டம். அன்றைக்குக் கை தட்டினால் அடுத்த வாரம் தட்டாதபோது அவள் வரமாட்டாள் என்பார் அக்கா.

பாட்டு எடுத்துக் கொடுப்பதில் அவருக்கு இருந்த கணக்குகள் வேறு யாருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை. எடுத்த எடுப்பில் குரல் தொடங்குகிற பாட்டு கூடாது. முன்னால் கொஞ்சம் வாத்தியம் ஓடவேண்டும், அதற்குள் பயம் அடங்கும். நடுவில் சிரிப்பு, சிணுங்கல் வருகிற பாட்டு கூடாது. இழுத்து நிறுத்துகிற வரி இருந்தால் அங்கே கோரஸ் சேர்ந்து வரவேண்டும், குரல் உடைந்தால் அது மூடிக்கொள்ளும். ஜோடிப் பாட்டு என்றால் பெண்ணுடைய வரியை ஆணுக்கும் ஆணுடைய வரியைப் பெண்ணுக்கும் மாற்றிக் கொடுப்பார். எல்லாருக்கும் உயிரான பாட்டை எடுக்கவே மாட்டார். "ஊர்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்ச பாட்டு போதும். எல்லாருக்கும் தெரிஞ்சதைப் பாடுனா உன்னையா கேப்பாங்க? தப்பு எங்க வருதுன்னுதான் கேப்பாங்க" என்பார்.

வரிகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, எங்கே மூச்சு எடுக்கவேண்டுமோ அங்கே நீல மையில் ஒரு கோடு போட்டுக் கொடுப்பார். ஒரே பாட்டை இரண்டு பேருக்குக் கொடுத்தால் இரண்டு தாளிலும் கோடு வேறு வேறு இடத்தில் இருக்கும். எனக்கு ஆஸ்துமா தொந்தரவு உண்டு. நான் அதை அவரிடம் சொன்னதே இல்லை. என் தாளில் கோடுகள் அதிகமாக இருந்தன.

அவரை நல்லவர், சாந்தமானவர் என்றெல்லாம் எழுதி ஏமாற்றமாட்டேன். பிடிவாதக்காரி. விழிதியூரிலிருந்து ஒரு அங்கன்வாடி ஊழியர் வருவார். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவருக்கு ஒரு பாட்டின்மேல் ஆசை. ஏறி ஏறிப் போய் உச்சியில் நிற்கிற பாட்டு. அக்கா அதைத் தரமுடியாது என்றுவிட்டார். பிடித்த பாட்டு வேறு, வருகிற பாட்டு வேறு என்றார். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, டாக்டர் பத்தியம் போடுற மாதிரி நீங்க எனக்குப் பாட்டுக்குப் பத்தியம் போடுறீங்களா?"

"ஆமா" என்றார் அக்கா. அடுத்தவளுக்கு டிராக் போடத் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண் எழுந்து போய்விட்டார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பில் மேடையேறி அதே பாட்டைப் பாடினார். உச்சியில் குரல் பிளந்துவிட்டது. அங்கே இருந்தவர்கள் அதைச் செல்போனில் எடுத்து, ஒரு வாரம் அவரைப்போலவே கத்திக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். இனி மைக்கைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று புருஷன் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை புருஷனுக்குத் தெரியாமல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அப்பவே சொன்னேன் என்று அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கோடு போட்ட தாளை எடுத்துக் கொடுத்தார். இரண்டு மாதத்துக்கு முன்பே போட்டு வைத்த தாள் அது.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்ததும் இதில்தான். மூன்று வருடம் ஆகியும் எனக்குத் தாலாட்டும் பக்திப் பாட்டுமே எடுத்துக் கொடுத்தார். எங்களைக் குழந்தையாகவே வைத்திருக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறோம், உங்களுக்கு என்ன என்று கேட்டேன். அன்றைக்கு அவர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஆம்பள தப்பாப் பாடுனா முயற்சி பண்ணாருன்னு சொல்லுவாங்கடி. நீ தப்பாப் பாடுனா உன் வீட்டுல வந்து சொல்லுவாங்க. அதுக்கப்புறம் நீ இந்தக் கடைக்கே வரமாட்ட. எனக்கு நீ நல்லாப் பாடுறது முக்கியம் இல்ல. அடுத்த சனிக்கிழமை வரணும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொள்வது என் வழக்கம் இல்லை.

அவர் பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை. மெட்டைக் காட்டவேண்டும் என்றால்கூட ஆர்மோனியச் செயலியைப் போனில் அழுத்திக் காட்டுவார், வாயைத் திறக்கமாட்டார். நீங்கள் ஏன் பாடுவதில்லை என்று கேட்டால், எனக்கு ஏற்ற பாட்டை இன்னும் தேடவில்லை என்பார். கல்யாணம் ஆகி ஒரு வருடத்தில் அம்பகரத்தூரில் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். ஏன் வந்தார் என்று தெரியாது. தினமும் காலை பஸ்ஸில் வருவார், மாலை பஸ்ஸில் போவார். பஸ்ஸில் ஜன்னலோரம் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏதோ ஒரு பெண்ணுக்கு ஏதோ ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இப்போது மன்றத்துக்கு வருகிறேன், செயலாளர் அவர்களே.

உங்கள் மன்றத்தில் நாற்பது ஆண்கள் இருந்தார்கள். ஓய்வுபெற்றவர்கள், அரசு ஊழியர்கள், இரண்டு வக்கீல்கள். ஜோடிப் பாட்டுக்குப் பெண் இல்லை. அதற்காகத்தான் அக்கா கடைக்கு வந்தீர்கள். நாங்கள் வந்தோம். மாதக் கூட்டத்தில் எங்களுக்குக் கடைசி அரை மணி நேரம் கொடுத்தீர்கள். நாங்கள் பாடும்போது அக்கா மேடைக்குக் கீழே, நாங்கள் பார்க்கிற இடத்தில் நிற்பார். மூச்சு எடுக்கவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் தோளைத் தூக்கித் தானும் மூச்சு எடுப்பார். அவர் எடுக்கும்போது நாங்கள் எடுப்போம். தாளைப் பார்க்கத் தேவை இருக்காது. எட்டுப் பேர் பாடினால் எட்டுப் பாட்டுக்கும் அவர் மூச்சு எடுத்து முடித்திருப்பார். கூட்டம் முடியும்போது அவருக்குத்தான் வேர்த்திருக்கும்.

நீங்கள் ஒருமுறை அவரிடம் வந்து, மேடம், இறக்கின டிராக்கெல்லாம் போட்டா மன்றத்தோட தரம் என்னத்துக்கு ஆகும், வெளியூர்க்காரங்க வந்தா சிரிப்பாங்க என்றீர்கள். சிரிக்கட்டும் சார், இவங்க பாடி முடிக்கட்டும் என்று மட்டும் சொன்னார். நீங்கள் அதை மறக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு, கிடைச்சிடுச்சுடி என்றார். எது என்று கேட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டிராக்கைப் போட்டார்.

பெரிய பாட்டு இல்லை. யாரும் பெரிதாகப் பேசாத ஒரு படத்தில் வந்த பாட்டு. கிணற்றடியில் ஒரு பெண் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல வரும். அதை இரண்டு கட்டை இறக்கி வைத்திருந்தார். அலமாரியைப் பார்த்து நின்று பாடினார்.

நல்ல குரல் இல்லை. பொய் சொல்ல எனக்கு வராது. காற்று கலந்த குரல், கொஞ்சம் நடுங்கியது. ஆனால் ஒரு இடத்தில்கூட அவர் எட்டிப் பிடிக்கவேண்டி இருக்கவில்லை. வரி வரியாகத் தன் வீட்டுக்குள் நடப்பதுபோல நடந்தார். முடிந்ததும் திரும்பாமல் அப்படியே நின்றார். அவரே போட்ட சட்டத்தை மீறி நான் கை தட்டினேன். "சும்மா இருடி" என்றார்.

மூன்று மாதம் சாப்பாட்டு வேளையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பழகினார். கேட்டது நான் ஒருத்திதான். ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுத்தார். தன் பெயரை ஒரு தாளில் அவர் எழுதி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மேடைக்குக் கீழே நின்று தனக்கு யார் மூச்சு எடுப்பது என்று கேட்டார். நான் எடுக்கிறேன் என்றேன். "நீ கடன்காரன் துரத்துற மாதிரி வேகவேகமா எடுப்ப. வேணாம், நானே பாத்துக்கறேன்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மண்டபத்தில். சிறப்பு விருந்தினர், பூங்கொத்து, பொன்னாடை எல்லாம் இருந்தது. அக்காவுக்கு முன்னால் என் பாட்டு. அன்றைக்கு எனக்கு நன்றாக வந்தது. நீங்கள் மேடைக்கு வந்து, மார்க்கெட் குயில் என்று எனக்குப் பட்டம் கொடுத்துப் பொன்னாடை போட்டீர்கள். ஒரு ஆள் என்னை மேடையில் வைத்துப் புகழ்ந்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. பொன்னாடையோடு இறங்கி, சவுண்ட் மேசை பக்கமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மேசைக்கு வந்தீர்கள். அக்காவின் பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று சவுண்ட்காரரிடம் கேட்டீர்கள். இரண்டு கட்டை இறக்கினது சார் என்றார் அவர். அப்போது நீங்கள் சொன்னதை உங்கள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"ஒரிஜினலைப் போடுப்பா. விருந்தினர் உக்காந்திருக்காரு. இழவு வீட்டுல பாடுற மாதிரி இருக்கக் கூடாது."

சவுண்ட்காரர் தயங்கினார். அவருக்கும் அக்காவைத் தெரியும். நீங்களே பென்டிரைவைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, இணையத்திலிருந்து டிராக்கை எடுக்கச் சொல்லிவிட்டு மேடைக்குப் போனீர்கள்.

டிராக் ஓடத் தொடங்கியது. முதல் வாத்தியம் ஒலித்த அந்த நொடியே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் தலை சட்டென்று மேசைப் பக்கம் திரும்பியது. என்னைப் பார்த்தார்.

நான் மார்க்கெட்டில் மூன்று வரிசை தள்ளிப் போகிறவனைக் கூப்பிட்டு நிறுத்துகிறவள். நிறுத்துங்க, அது அவங்க டிராக் இல்ல என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் மண்டபமே நின்றிருக்கும். நான் போடவில்லை. தோளில் பொன்னாடை இருந்தது. மார்க்கெட் குயில் என்ற பெயர் கிடைத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அதை இழக்க மனம் வரவில்லை. அதுதான் காரணம், வேறு காரணம் தேடி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா பழகிய உயரத்திலேயே தொடங்கினார். வாத்தியம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். முன்வரிசையில் தலைகள் நிமிர்ந்தன. அவர் மேலே ஏறி டிராக்கைப் பிடிக்கப் பார்த்தார். எந்தப் பெண்ணையும் எட்டிப் பிடிக்க விடாதவர், அவர் எட்டினார். மூன்றாவது வரியில் குரல் முறிந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் மைக்கை இறக்கவில்லை, டிராக்கை நிறுத்தச் சொல்லவும் இல்லை. தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் அவர் பக்கத்தில் போய், கையிலிருந்த மைக்கை வாங்கினீர்கள். "மேடம் பாட்டு நல்லா செலக்ட் பண்ணுவாங்க. பாடுறதுக்குத்தான் நாங்க இருக்கோமே" என்றீர்கள். மண்டபம் சிரித்தது. மீதிப் பாட்டை நீங்கள் பாடி முடித்தீர்கள். நன்றாகத்தான் பாடினீர்கள், உங்கள் குரலுக்கு அது ஏறும். கைதட்டல் வாங்கினீர்கள். அக்கா பாட்டு முடிகிற வரைக்கும் உங்கள் பக்கத்தில் நின்றார். நடுவில் இறங்கிப் போனால் பாட்டுக்கு மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார்.

கீழே வந்தவரிடம் நான் போனேன். பொன்னாடையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அது என் டிராக் இல்லடி" என்றார். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்குப் போனோம். கடை திறந்திருந்தது. உள்ளே ஸ்டூல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஸ்பீக்கர் இல்லை. விதவை உதவித்தொகை மனு நிறைய இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றார். அதற்கடுத்த வாரமும் அதையேதான் சொன்னார். விழிதியூர்ப் பெண் அழுதே கேட்டுப் பார்த்தார். உங்களுக்கு எல்லாம் இப்ப நல்லா வருது, நான் எதுக்கு என்று பதில் சொன்னார். ஒவ்வொருத்தியாக வருவதை நிறுத்தினோம். மாசி மாதத்தில் கடை மூடியிருந்தது. உடம்பு சரியில்லை என்றார்கள். இந்தச் சித்திரையில் செய்தி வந்தது.

நாங்கள் ஒன்பது பேர் வேன் பிடித்து அம்பகரத்தூர் போனோம். அந்த வீட்டில் எங்களை யாருக்கும் தெரியவில்லை. மீன்காரி, அங்கன்வாடி ஊழியர், கட்டிட வேலைக்குப் போகிறவள், இவர்களுக்கெல்லாம் அக்காவோடு என்ன என்று பார்த்தார்கள். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுது பாடினார்கள். அவர் சொல்லிக்கொடுத்துப் பாடப் பழகிய நாங்கள் ஒன்பது பேரும் சுவரோரம் ஊமையாக நின்றோம்.

அக்காவின் தம்பி வந்து எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். எப்படிப் பழக்கம் என்று கேட்டார். பாட்டுப் பழக்கம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"எங்க அக்கா பாடுவாளா?" என்று கேட்டார்.

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"பாடுவாங்க" என்றேன். "நான் கேட்டிருக்கேன்."

அவர் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். நான் தண்ணீர்த் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். என்ன பாட்டு என்றும் அவர் கேட்கவில்லை. யாரோ கூப்பிட்டதும் போய்விட்டார்.

அன்று மாலையே மன்றத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் நீங்கள் அஞ்சலி போட்டீர்கள், செயலாளர் அவர்களே. மகளிருக்கு ஊக்கம் தந்த எங்கள் மன்றத்தின் தூண் சாய்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். கீழே ஒரு வீடியோ. ஆண்டு விழா வீடியோ. முதல் மூன்று வரியை வெட்டிவிட்டு, நீங்கள் பாடுகிற இடத்திலிருந்து தொடங்குகிறது. பக்கத்தில் அக்கா தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மறைந்த மேடத்துடன் இணைந்து பாடிய மறக்கமுடியாத தருணம் என்று தலைப்பு. முப்பது பேருக்கு மேல் கும்பிடு போட்டிருக்கிறார்கள். இதுதான் உங்கள் அக்கா பாடிய பாட்டு என்று அவருடைய தம்பிக்கு யாராவது அந்த வீடியோவைக் காட்டினால், அவர் தன் அக்காவின் பாட்டு என்று உங்கள் குரலைத்தான் கேட்பார்.

சவுண்ட்காரரைப் போய்ப் பார்த்தேன். சொன்னது செயலாளர், போட்டது நான், எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன் என்றார். என் பங்கை மேலே எழுதிவிட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று என் பெயரைப் போட்டே இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். மார்க்கெட்டில் நாளைக்கு என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் அக்காவுக்கு நினைவேந்தல் கூட்டம் வைத்திருக்கிறீர்கள். நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயருக்கு நேராக இசையஞ்சலி என்று போட்டிருக்கிறது. நாங்கள் ஒன்பது பேரும் முன்வரிசையில் உட்காருவோம். அவர் தம்பியையும் அழைத்து வருவோம். அந்த வீடியோவை அதற்குள் எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, டிராக்கை மாற்றச் சொன்னது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். ஏன் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு பெண் தனக்கு ஏற்ற உயரத்தில் நின்று ஒரே ஒரு பாட்டைப் பாடியிருந்தால் உங்கள் மன்றத்துக்கு என்ன குறைந்திருக்கும் என்று சொல்லுங்கள்.

அன்றைக்கு நீங்கள் பாடவேண்டாம். பதில் சொல்லுங்கள்.